வளைவு வேண்டாம், கும்பிடு பொம்மையும் வேண்டாம்

இது நீளமான பதிவு. அவசர வேலை இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை படித்துக்கொள்ளுங்கள். ஆனால் படியுங்கள். சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். பரீட்சைப் பேப்பரில் சிவப்பு மையால் சுழித்தபோதும் உங்களுக்குக் கோபம் வந்தது. அதற்காக நான் சுழிக்காமல் விடவில்லை.

விஷயம் இதுதான். 1999-2000 பிளஸ் டூ செட் பிள்ளைகள் போன வாரம் நாலு பேராக வீட்டுக்கு வந்தார்கள். பழம், பூ, ஸ்வீட் பாக்ஸ் எல்லாம் இருந்தது. 25 வருஷம் ஆகிவிட்டதாம், வெள்ளி விழா கொண்டாடுகிறார்களாம். பள்ளிக்கூட வாசலில் ஒரு அலங்கார வளைவு கட்டி அதில் என் பெயரைப் போடப் போகிறார்களாம். எஸ்டிமேட் நாலரை லட்சம். செல்போனில் படம்கூடக் காட்டினார்கள். இரண்டு பக்கமும் யானைத் தும்பிக்கை, நடுவில் புத்தகம், மேலே நான். சிரித்துவிட்டேன். அப்புறம் வேண்டாம் என்று சொன்னேன். தன்னடக்கத்தில் சொல்கிறேன் என்று நினைத்து "சார், அப்படிச் சொல்லாதீங்க சார்" என்று வற்புறுத்தினார்கள். தன்னடக்கம் இல்லை, நிஜமாகவே வேண்டாம். ஏன் என்று அவர்களிடம் சரியாகச் சொல்லவில்லை. வீடு தேடி வந்தவர்களை வருத்தப்பட வைக்க மனசு வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த மே மாதம் நடந்ததைச் சொன்னால் புரியும்.

நம் பள்ளியில் படித்த பெண் ஒருத்தி, எலெக்ட்ரிகல் இன்ஜினியரிங் படிக்கிறாள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021-ல் வந்த ஏழரை சதவீத ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தவள். கல்லூரிக் கட்டணத்தை அரசாங்கம் கட்டுகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. நாலு வாரம் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் கொண்டு வா என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். இன்டர்ன்ஷிப், இன்பிளான்ட் டிரெய்னிங், எந்தப் பெயரில் வேண்டுமானாலும் சொல்லுங்கள். அப்பாவோடு என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள்.

அவள் அப்பா என்ன வேலை செய்கிறார் தெரியுமா? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு உருக்குக் கம்பெனியில் பதினோரு வருஷமாகக் கான்ட்ராக்ட் கூலி. தினமும் கவரைப்பேட்டை வழியாகப் போய் அந்தக் கேட்டுக்குள் நுழைகிறார். "உங்க கம்பெனியிலயே கேட்கலாமே" என்றேன். "சார், எனக்கு உள்ளே போறதுக்கு பாஸ் இருக்கு. ஆபீஸ் கட்டடத்துப் பக்கம் போறதுக்கு இல்லை" என்றார். அவர் அதை ஒரு தகவலாகத்தான் சொன்னார், குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

சென்னையில் ஒரு இடத்தில் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் கட்டினால் போகாமலேயே சான்றிதழ் தருகிறார்களாம். கூடப் படிக்கிற பாதிப் பேர் அப்படித்தான் வாங்குகிறார்களாம். "அப்படி வாங்கிடலாமா சார்?" என்று கேட்டாள். வேண்டாம்மா, நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் அங்கே வேலையில் இருக்கிறார்கள், நான் கேட்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

நம் வாட்ஸ்அப் குரூப்பில் 214 பேர். கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை, தடா தாண்டி ஸ்ரீசிட்டி என்று இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் இருப்பவர்கள் மட்டும் 17 பேர் என்று எண்ணி வைத்திருந்தேன். அதில் ஐந்து பேர் பெயருக்குப் பின்னால் மேனேஜர் என்று இருக்கிறது. விவரத்தை எழுதிப் போட்டேன். வந்த பதிலையும் எண்ணினேன், கணக்கு வாத்தியார் இல்லையா. 43 கும்பிடு பொம்மை. 12 "ஆல் தி பெஸ்ட் மா". ஒருவர், இன்டர்ன்ஷிப் தேட 10 இணையதளங்கள் என்று எங்கிருந்தோ வந்ததை அப்படியே தள்ளிவிட்டார். இன்னொருவர் "பெண்கள் நாட்டின் கண்கள்" என்று ஒரு படம் போட்டார். போன் செய்தவர்கள் யாரும் இல்லை. மறுநாள் காலையில் யாரோ கிரிக்கெட் வீடியோ போட்டார்கள், என் செய்தி மேலே போய்விட்டது.

இதில் என் தப்பும் ஒன்று உண்டு. அந்தப் பெண்ணின் செல் நம்பரையும் குரூப்பில் போட்டுவிட்டேன். இரண்டு பேர் அவளுக்கு "ஹாய்" அனுப்பியிருக்கிறார்கள், இன்டர்ன்ஷிப் பற்றி இல்லை. அவள் அப்பா வந்து ரொம்ப மரியாதையாக "நம்பரை எடுத்துடுங்க சார்" என்றார். எனக்கு முகத்தை வைத்துக்கொள்ள இடமில்லை. அந்த இரண்டு பேர் யார் என்று எனக்குத் தெரியும். அவர்களும் இதைப் படிக்கிறார்கள். இனிமேல் எந்தப் பெண் பிள்ளையின் நம்பரும் குரூப்புக்கு வராது. பேச வேண்டியவர்கள் என் வீட்டு நம்பருக்குப் பேசுங்கள், ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறேன்.

நாலாம் நாள் ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு போன் வந்தது. 2004 செட் பையன். பிளஸ் டூ கணக்கில் ஃபெயிலாகி, துணைத்தேர்வில் பாஸாகி, ஐ.டி.ஐ. எலெக்ட்ரீஷியன் படித்தவன். ஒரு ஃபேக்டரியில் மெயின்டனன்ஸில் இருக்கிறான். இரண்டாம் ஷிப்ட் முடித்துவிட்டுப் பேசினான். "சார், நான் மேனேஜர்கிட்ட பேசற அளவுக்கு ஆள் இல்லை. ஆனா யாருக்கு லெட்டர் எழுதணும், எப்படி எழுதணும்னு எனக்குத் தெரியும்" என்றான். முக்கால் மணி நேரம் சொன்னான், நான் எழுதிக்கொண்டேன். கல்லூரி லெட்டரில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று இருக்க வேண்டும், "ஏதாவது நாலு வாரம்" என்று இருந்தால் ஓரமாகப் போட்டுவிடுவார்கள். விபத்துக் காப்பீடு இருக்கிறது என்று ஒரு வரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் செக்யூரிட்டியே திருப்பி அனுப்புவான். திங்கட்கிழமை போகக்கூடாது, அன்று எல்லாரும் மீட்டிங்கில் இருப்பார்கள். மாசக் கடைசியிலும் கூடாது, சரக்கு அனுப்புகிற அவசரம். சேஃப்டி ஷூ சொந்தமாக இருந்தால் ஒரு சாக்குப் போக்கு குறையும். வருஷாந்திரப் பராமரிப்புக்கு மெஷினை நிறுத்துகிற நாட்களில் போய்ச் சேர்ந்தால் பிரித்துப் போட்டதை எல்லாம் பார்க்கலாம், மற்ற நாட்களில் மூடிய பெட்டியைத்தான் பார்ப்பாய்.

கடைசியாக எச்.ஆர். பிரிவில் யார் பெயருக்கு எழுத வேண்டும் என்று இரண்டு கம்பெனிக்குச் சொன்னான். முதல் கம்பெனியிலிருந்து பதிலே இல்லை. இரண்டாவதில் கிடைத்தது. ஜூன் மாதம் நாலு வாரம் போய் வந்தாள். மோட்டார் வைண்டிங்கில் மெகர் வைத்துப் பார்த்ததை என்னிடம் கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். எனக்குப் பாதி புரியவில்லை. சந்தோஷமாக இருந்தது.

இப்போது சொல்லுங்கள். மேனேஜர்கள் ஐந்து பேரும் கெட்டவர்களா? இல்லை. வீட்டு விசேஷத்துக்கு முதல் ஆளாக வந்து நிற்பவர்கள்தான். மழை வெள்ளத்தில் ஆரணி ஆற்றில் தண்ணீர் ஏறியபோது அரிசி மூட்டை அனுப்பியவர்களும் அவர்கள்தான். பணம் கேட்டால் கொடுப்பார்கள். சால்வை போர்த்தச் சொன்னால் போர்த்துவார்கள். பள்ளி ஆண்டு விழாவில் மைக்கைக் கொடுத்தால் "கனவு காணுங்கள், விடாமுயற்சி" என்று அரை மணி நேரம் பேசுவார்கள். ஆனால் ஒரு பிள்ளையின் லெட்டரை வாங்கிப் படித்து, "இந்த வரி தப்பு, இப்படி எழுது" என்று சொல்ல அவர்களுக்குத் தோன்றவில்லை. அதுதான் உதவி என்றே அவர்கள் நினைக்கவில்லை. என் சண்டை அந்த நினைப்போடுதான்.

தனியாகப் பேசியபோது சிலர் காரணம் சொன்னார்கள்.

"நாங்க யாரும் சொல்லித் தராமதானே சார் மேலே வந்தோம்?" அப்படியா? உனக்கு ஹால் டிக்கெட் வாங்க பொன்னேரிக்குச் சைக்கிளில் போனது யார்? அரசு கல்லூரியில் விண்ணப்பம் கடைசி நாள் என்று உன் வீட்டுக் கதவைத் தட்டியது யார்? நான்தான் என்று சொல்லவில்லை, பல சமயம் நம் ஆபீஸ் உதவியாளர்தான் ஓடுவார். மறந்துவிட்டது, அவ்வளவுதான்.

"பசங்களுக்கு மரியாதையாக் கேட்கத் தெரியலை சார். 'ஹாய் சார், இன்டர்ன்ஷிப் இருக்கா'ன்னு ஒரு வரி அனுப்பறாங்க." உண்மைதான், எனக்கும் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அப்பாவும் அம்மாவும் எந்த ஆபீசுக்கும் ஒரு ஈமெயில்கூட எழுதியிராத வீட்டுப் பிள்ளை அதை எங்கே கற்றுக்கொள்ளும்? நீ முதன்முதலில் எழுதிய லீவ் லெட்டர் என் கையில் இருந்தது தம்பி. "மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு வயிறு" என்று ஆரம்பித்து அங்கேயே முடிந்தது. நான் உன்னைத் துரத்தவில்லை.

மூன்றாவது காரணம் கொஞ்சம் கனமானது. "சிபாரிசு தப்புன்னு நீங்கதானே சார் சொல்லிக் கொடுத்தீங்க?" ஆமாம், சொன்னேன். இப்போதும் சொல்வேன். தகுதி இல்லாதவனை உள்ளே தள்ளி, தகுதி உள்ளவனை வெளியே நிறுத்துவது சிபாரிசு. கதவு எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறக்கும் என்று சொல்வது சிபாரிசு ஆகாது. பட்டணத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சித்தப்பாவும் பெரியப்பாவும் சாப்பாட்டு மேஜையில் சொல்லிவிடுகிறார்கள். யாரும் அதைச் சிபாரிசு என்பதில்லை, நெட்ஒர்க்கிங் என்கிறார்கள். நம் ஊர்ப் பிள்ளைக்கு அதே வார்த்தையைச் சொல்ல வரும்போது மட்டும் உங்களுக்கு நேர்மை வந்து தொண்டையை அடைக்கிறது.

ராமானுஜன் கதையை வகுப்பில் நூறு தடவை சொல்லியிருப்பேன். அதைத் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேனோ என்று இப்போது தோன்றுகிறது. கும்பகோணத்து ஏழைப் பையன், சொந்த மூளையால் கேம்பிரிட்ஜ் போனான் என்றுதான் சொன்னேன். போன வழியைச் சொல்லவில்லை. எஃப்.ஏ. பரீட்சையில் கணக்கு தவிர மற்றதில் தோற்ற பையன் அவர். இன்றைக்கு என்றால் உங்களில் பலர் "சி.ஜி.பி.ஏ. எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு போனை வைத்திருப்பீர்கள். 1910-ல் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு திருக்கோவிலூர் டெபுடி கலெக்டர் ராமசாமி ஐயரிடம் போனார். அவர் இந்தியக் கணிதச் சங்கத்தை ஆரம்பித்தவர். தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை போட்டுக் கொடுத்து அங்கேயே அமுக்கிவிட்டிருக்கலாம். செய்யவில்லை. சென்னையில் இருந்த கணக்குக்காரர்களிடம் அனுப்பினார். அங்கே இருந்த சேஷு ஐயர், ராமானுஜனுக்குக் கும்பகோணம் கல்லூரியில் பாடம் எடுத்தவர். பழைய வாத்தியார். அவர் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். சென்னையிலிருந்து ரயிலில் நெல்லூர் போகிற வழி நம் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வழிதான். ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தப் பையன் இந்த வயல்களைப் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன். ராவுக்கு முதல் தடவை அந்த நோட்டில் ஒன்றும் பிடிபடவில்லை. ஆனாலும் திரும்ப வரச் சொன்னார். சில தடவை பார்த்த பிறகுதான் நம்பிக்கை வந்தது. மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் குமாஸ்தா வேலை. அங்கே மேலதிகாரி நாராயண ஐயரே கணக்குத் தெரிந்தவர், ராத்திரி உட்கார்ந்து கூடவே போட்டுப் பார்த்தார். இங்கிலாந்தில் இரண்டு பேராசிரியர்கள் கைகொடுக்காத பிறகுதான் 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம் போனது. 1914 மார்ச்சில் கப்பல்.

எண்ணிப் பாருங்கள், ஒரு பையனுக்கு எத்தனை பேர். ஹார்டியை விட்டால் இவர்களில் யாருக்கும் அந்தக் கணக்கு முழுசாகப் புரியவில்லை. புரியாவிட்டாலும், அடுத்து யாரிடம் போக வேண்டும் என்று தெரிந்திருந்தது. உங்களிடம் நான் கேட்பது அந்த அளவுதான். ஹார்டி ஆகச் சொல்லவில்லை. சீட்டு எழுதச் சொல்கிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு இப்போது வருகிறேன்.

2022-ல் நம் பக்கத்துப் பையன் ஒருவன் இங்கிலாந்துக்கு எம்.எஸ்ஸி. படிக்கப் போனான். ஏஜென்ட் மூலமாக. வீட்டை அடமானம் வைத்து 18 லட்சம். ஏஜென்ட் முதல் நாளே "ஆரணியா? பட்டுப் புடவை ஆரணியா?" என்று கேட்டாராம். அது திருவண்ணாமலை ஜில்லா ஆரணி, நாங்கள் பெரியபாளையம் பக்கத்து ஆரணி என்று இவன் சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான் அவர் இவனைப் பற்றித் தெரிந்துகொண்டது. போய்ப் பார்த்தால் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும்தான் பெரியது, வகுப்பு நடப்பது லண்டனில் ஒரு ஆபீஸ் கட்டடத்தின் இரண்டு மாடியில். படித்த படிப்புக்கு ஏற்ற வேலை கிடைக்கவில்லை. குடோனில் மூட்டை தூக்கினான். இரண்டு வருஷத்தில் திரும்பி வந்தான். வீடு இன்னும் அடமானத்தில்தான் இருக்கிறது.

அதே லண்டனில் என் பழைய மாணவர் ஒருவர் பன்னிரண்டு வருஷமாக இருக்கிறார். இந்தக் கதையைச் சொன்னபோது "அந்த இடமா சார்? அது சும்மா போர்டு மாட்டின கடை. இங்க எல்லாருக்கும் தெரியும். கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இந்த வாக்கியத்தின் மேல் எனக்கு இருக்கும் கோபத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நீ அங்கே இருப்பதே அவனுக்குத் தெரியாது. உன் பனி போட்டோவும் கார் போட்டோவும் எங்களுக்குத் தெரியும். எந்தக் கல்லூரிக்குப் போகக் கூடாது என்பது உனக்கு மட்டும் தெரியும். அவனுக்குத் தெரிந்த ஒரே ஆள் ஏஜென்ட். ஏஜென்டுக்குக் கமிஷன் கொடுப்பது அந்த மாதிரிக் கல்லூரிகள்தான். ஃபீஸே வாங்காத கல்லூரி எதற்குக் கமிஷன் கொடுக்கும்? அதனால் அந்தப் பெயர் ஏஜென்ட் வாயில் வராது.

அப்படியும் கல்லூரிகள் இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: இருக்கிறது. இதை எனக்குச் சொன்னது ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் என் மாணவி. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் கிடையாது. அவள் இருக்கும் மாநிலத்தில் நம் மாதிரி வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ. ஆனால் சாப்பாட்டுச் செலவுக்கு ஒரு வருஷத்துக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டுப் பூட்டிக் காட்ட வேண்டும். அதில் மாதம் 992 தான் எடுக்க முடியும். நம் சான்றிதழ்களைச் சரிபார்க்க ஏ.பி.எஸ். என்று ஒன்று 2022 நவம்பரிலிருந்து கட்டாயம். ஃபீஸ் இல்லை என்று மட்டும் கேள்விப்பட்டுக் கிளம்பினால் இந்த இரண்டில் மாட்டிக்கொள்வார்கள். இலவசம் என்றதும் துள்ளிக் குதிக்காதீர்கள்.

அந்தப் பெண் மாதம் ஒரு சனிக்கிழமை இரண்டு பிள்ளைகளோடு பேசுகிறாள். எஸ்.ஓ.பி. எழுதினால் படித்துத் திருத்துகிறாள். எழுதிக் கொடுப்பதில்லை, அதில் கறாராக இருக்கிறாள். "சிறு வயது முதலே எனக்குப் பொறியியலில் ஆர்வம்" என்று ஆரம்பித்தால் திருப்பி அனுப்பிவிடுவாளாம். "உங்க அப்பா மோட்டார் பம்ப் ரிப்பேர் பண்றதைப் பார்த்திருக்கியே, அதை எழுது" என்பாளாம். ஒரு பையனிடம் "நீ இப்போ வராதே, இரண்டு வருஷம் வேலை பாரு, அப்புறம் வா" என்று சொல்லிவிட்டாள். அவனுக்கு அன்று வருத்தம். ஆனால் எந்த ஏஜென்டும் அவனிடம் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

தகவல் எல்லாம் நெட்டில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, ஆள்பலத்தில் இரண்டரை சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரை. 2019 திருத்தத்தில் பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000, டிப்ளமோவுக்கு 8,000 என்று வைத்தார்கள். ஆதிதிராவிடர் பிள்ளைகள் வெளிநாட்டில் மேற்படிப்புப் படிக்க மத்திய அரசின் உதவித்தொகை 125 பேருக்கு இருக்கிறது, அதில் பெரும்பகுதி அவர்களுக்குத்தான். தமிழக அரசு தனியாக வருஷத்துக்கு 36 லட்சம் வரை கொடுக்கிறது. கல்விக் கடனில் ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் கொடுக்க வங்கிகளின் பொதுத் திட்டமே சொல்கிறது. நான் முதல்வன் 2022-லிருந்து இருக்கிறது. அரசாங்கத்தைத் திட்டுவது நமக்கெல்லாம் பிடித்த பொழுதுபோக்கு, ஆனால் இந்த விஷயத்தில் அது நம்மைவிட அதிகமாகவே செய்திருக்கிறது. அரசாங்கம் ஆயிரம் ரூபாய் கொடுக்கும். "பயப்படாதே, இந்த ஃபாரத்தில் மூன்றாவது பக்கம்தான் கஷ்டம், வா சேர்ந்து பூர்த்தி பண்ணலாம்" என்று சொல்ல ஒரு அண்ணனை அதனால் கொடுக்க முடியாது.

அகரம் அறக்கட்டளை 2010-ல் விதை திட்டத்தை ஆரம்பித்தபோது பணம் மட்டும் கொடுத்துவிட்டு நிற்கவில்லை. தன்னார்வலர்கள் பிள்ளையின் வீட்டுக்கே போய்ப் பார்த்தார்கள். சேர்த்த பிறகும் வழிகாட்ட ஆள் வைத்தார்கள். அப்படிப் படித்து வந்தவர்களில் பலர் இன்று அடுத்தவர்களுக்கு வழிகாட்டிகள். ஒரு நடிகர் ஆரம்பித்தார், அவருக்கு வசதி இருக்கிறது என்று சொல்லாதீர்கள். வீடு வீடாகப் போனவர்கள் நடிகர்கள் இல்லை. உங்களை மாதிரி ஞாயிற்றுக்கிழமை லீவு உள்ளவர்கள்தான்.

இவ்வளவு பேசுகிறேனே, நான் யோக்கியனா? இதை எழுதாமல் விட்டால் மற்றது எல்லாம் பொய்யாகிவிடும்.

1998 என்று நினைவு. பிளஸ் டூவில் ஒரு பையன் இருந்தான். பாடப் புத்தகத்தில் இல்லாத வழியில் கணக்குப் போடுவான். நான் கரும்பலகையில் பாதி எழுதும்போதே விடையைச் சொல்லிவிடுவான். அந்த வருஷம் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தின் பி.ஸ்டாட். நுழைவுத் தேர்வு அறிவிப்பு ஒன்று ஆசிரியர் அறைப் பலகையில் தொங்கியது. ஃபீஸ் இல்லை, படிக்கும்போதே உதவித்தொகை. மூன்று வாரம் தொங்கியது. தினமும் அதன் கீழேதான் டீ குடித்தேன். அவனிடம் சொல்லவில்லை. மறதி இல்லை. "நம்ம பசங்களுக்கு எதுக்குக் கல்கத்தா, இங்கிலீஷ் வராது, பயந்து ஓடி வந்துடுவான்" என்று நானே முடிவு செய்துவிட்டேன். அவன் இப்போது ரெட்ஹில்ஸ் பக்கம் கடை வைத்திருக்கிறான். நன்றாக இருக்கிறான், என்னைவிட அதிகம் சம்பாதிக்கிறான். கடைக்குப் போனால் காசு வாங்க மாட்டேன் என்கிறான். அவனுக்கு இன்றுவரை அந்த அறிவிப்பு விஷயம் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துகொள்வான். மன்னித்துக்கொள் தம்பி. பரீட்சை எழுதியிருந்தால் பாஸாகியிருப்பாயா என்று எனக்குத் தெரியாது. எழுதலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியது நீ. அதை உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டேன்.

நற்சான்றுக் கடிதம் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் ஒரே கடிதத்தைப் பெயர் மாற்றிக் கொடுத்தவனும் நான்தான். "இவர் ஒழுக்கமும் கடின உழைப்பும் உடையவர்." முப்பது வருஷம் அதே வரி. அப்படி ஒருவரின் பெயரை வளைவில் போட்டால் பார்க்கிற பிள்ளைக்கு என்ன தெரியும்?

அதனால் 99-2000 செட் பிள்ளைகளே, விழா நடத்துங்கள், நான் வருகிறேன். பிரியாணி போடுங்கள், சாப்பிடுகிறேன். சால்வை வேண்டாம். வீட்டில் முப்பத்தெட்டு சால்வை இருக்கிறது, மனைவி திட்டுகிறாள். வளைவுக்கு வைத்த நாலரை லட்சத்தை என்ன செய்வது என்று கேட்பீர்கள். ஐ.இ.எல்.டி.எஸ். பரீட்சைக் கட்டணம் இப்போது 18,000 ரூபாய் பக்கம். 25 பிள்ளைகள் எழுதலாம். அல்லது அதில் பாதியைப் பாஸ்போர்ட், சேஃப்டி ஷூ, கும்மிடிப்பூண்டிக்கு நாலு வாரப் பஸ் காசு என்று வைக்கலாம். கணக்கை நீங்களே போடுங்கள். ஆனால் பணத்தை மட்டும் கொடுத்துவிட்டு நழுவ நான் விடப்போவதில்லை.

அன்று காலை ஒன்பது மணிக்குப் பள்ளி வேப்ப மரத்தடியில் ஒரு லாங் சைஸ் நோட்டோடு உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொருவரும் மூன்று வரி எழுத வேண்டும். எங்கே என்ன வேலை. எதைப் பற்றிக் கேட்டால் சொல்லத் தெரியும். வாரத்தில் எந்த நாள், எந்த நேரம் போன் எடுப்பாய். "எப்போ வேண்டுமானாலும் கூப்பிடுங்க சார்" என்று எழுதினால் அடித்துவிடுவேன், அதற்கு எப்போதும் எடுக்க மாட்டேன் என்று அர்த்தம். "நான் வெறும் ஆபரேட்டர் சார், நான் என்ன எழுதறது" என்று ஒதுங்குகிறவர்கள் முதலில் வாருங்கள். மே மாதம் வேலைக்கு ஆனவன் ஒரு எலெக்ட்ரீஷியன்தான். ஒரு வருஷத்துக்கு ஒரு பிள்ளை போதும். அந்தப் பிள்ளை இடையில் பதில் போடாமல் போகும், சொன்ன நேரத்துக்கு வராது, சில சமயம் ஒரு நன்றிகூடச் சொல்லாது. நீங்களும் எனக்கு அப்படித்தான் இருந்தீர்கள்.

நோட்டில் ஏற்கெனவே 26 பேர் ஆகிவிட்டது. முதல் பெயர் அந்த இரண்டாம் ஷிப்ட் பையன். இரண்டாவது ஸ்டுட்கார்ட். மூன்றாவது, மே மாதம் திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண். இன்னும் படிப்பு முடியவில்லை, ஆனால் ஜூனியர்களுக்குக் கல்லூரி லெட்டர் எப்படி வாங்குவது என்று தான் சொல்லித் தருவதாக எழுதியிருக்கிறாள், சனிக்கிழமை மாலை ஆறு முதல் ஏழு வரை, என் வீட்டில். லண்டன்காரர் நேற்று எழுதச் சொன்னார், ஏழாவது.

டெக்ஸாஸில் இருக்கும் என் தங்கை மகனுக்கு ஒரு வார்த்தை. மாப்பிள்ளை, "மாமா ரொம்ப நீளமா எழுதறார்"னு உங்க அம்மாகிட்ட சொன்னியாம். உன் பெயரை நானே பதினெட்டாவதாக எழுதிவிட்டேன். உங்க ஊர் நேரம் சனிக்கிழமை காலை எட்டு மணி என்று போட்டிருக்கிறேன். தோதுப்படாவிட்டால் வேறு நேரம் சொல்லு, மாற்றி எழுதுகிறேன். பெயரை அடிக்க மாட்டேன்.